முகமே தெரியாத வீடியோவுக்கு எதற்கு மெமோ?

கேள்வி: நான் ஒரு மருத்துவமனையின் பொது வார்டில் நர்ஸ். போன வாரம் நைட் டியூட்டி முடியும் நேரத்தில், நர்சிங் ஸ்டேஷனில் உட்கார்ந்தபடி யூனிபார்மோடு ஒரு ரீல்ஸ் போட்டேன். 24 நோயாளிகளை ஒருத்தியாகப் பார்த்துக்கொண்டதைத்தான் ஆதங்கத்தோடு சொன்னேன். எந்த நோயாளியின் முகமும் அதில் இல்லை, பெயர் இல்லை. மருத்துவமனையின் பெயரையும் சொல்லவில்லை. என் கணக்கு நண்பர்களுக்கு மட்டும்தான் தெரியும். யாரோ ஸ்கிரீன் ரெக்கார்ட் செய்து மேட்ரனுக்கு அனுப்பிவிட்டார்கள். மூன்று நாளில் விளக்கம் கேட்டு மெமோ வந்திருக்கிறது. வீடியோவை அழித்துவிட்டால் போதுமா? நர்சுகளுக்காகப் பக்கம் நடத்தும் ஒருவர், பணம் கொடுத்தால் எல்லா இடத்திலிருந்தும் அதை எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். நம்பலாமா? நர்சிங் கவுன்சிலில் இருக்கும் என் பதிவுக்கே ஆபத்து வருமா?

பதில்: பணம் கேட்கும் ஆளிடமிருந்து ஆரம்பிக்கிறேன். மற்றதற்கெல்லாம் மூன்று நாள் இருக்கிறது, பணம் இன்றைக்கே போய்விடும்.

அவருக்கு ஒரு பைசாகூடக் கொடுக்காதீர்கள். ரெக்கார்ட் செய்தவரின் போனுக்குள் அவரால் கை விட முடியாது. மேட்ரனின் வாட்ஸ்அப்பிலும் முடியாது. அவரால் முடிந்தது ஒன்றே ஒன்று: இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக் போன்ற தளங்கள் எல்லோருக்கும் இலவசமாக வைத்திருக்கும் புகார்ப் படிவத்தை உங்களுக்குப் பதிலாக நிரப்புவது. வீடியோவை வேறு யாராவது தங்கள் கணக்கில் ஏற்றியிருந்தால் அந்தப் படிவத்தை நீங்களே பத்து நிமிடத்தில் நிரப்பலாம்.

காசு போவதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. இப்படிப்பட்டவர்கள் வேலையை ஆரம்பிக்க முதலில் பாஸ்வேர்டைக் கேட்பார்கள். அப்புறம் மெமோவின் நகல், அடையாள அட்டை, பதிவுச் சான்றிதழ் என்று ஒவ்வொன்றாக வாங்குவார்கள். இரண்டு நாள் கழித்து அதே மெமோ ‘நர்சுக்கு நேர்ந்த அநீதி’ என்ற தலைப்போடு அவர்கள் பக்கத்திலேயே வரும். இது வரை உங்கள் வார்டுக்குள் இருந்த விஷயம் ஊருக்குப் போகும். ஊர்வாயை மூட உலைமூடி ஏது?

இதே கும்பல்தான் ‘பெயர் போட மாட்டோம், உங்கள் வார்டு அனுபவத்தை எழுதி அனுப்புங்கள்’ என்ற பக்கங்களையும் நடத்துகிறது. பெயரை வெளியே போட மாட்டார்கள், சரி. ஆனால் அனுப்பியவர் யார் என்பது அட்மினின் இன்பாக்ஸில் அப்படியே இருக்கிறது. அட்மினோடு சண்டை வந்தாலோ, அட்மின் பக்கத்தை வேறு ஆளுக்கு விற்றாலோ, அந்த இன்பாக்ஸும் சேர்ந்தே கைமாறும். வேலை வாங்கித் தரும் ஏஜென்டுகளில் சிலரும் இப்போது ‘யூனிபார்மில் ஒரு வீடியோ போடுங்கள், ப்ரொஃபைலுக்கு நல்லது’ என்கிறார்கள். அது அவர்களுடைய விளம்பரத்துக்கு நல்லது. மெமோ வந்தால் போனை எடுக்க மாட்டார்கள்.

அடுத்து, அழிப்பது. மெமோ கைக்கு வந்த பிறகு சத்தமில்லாமல் அழித்தால், குற்றச்சாட்டில் ‘ஆதாரத்தை அழித்தார்’ என்று ஒரு வரி கூடும். அப்படியே விட்டுவைத்தால், எச்சரித்த பிறகும் தொடர்ந்தார் என்பார்கள். இரண்டும் வேண்டாம். முதலில் வீடியோவின் முழு நகலையும், பதிவிட்ட தேதி, நேரம், கீழே இருக்கும் கமெண்டுகள் எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட்டாக எடுத்து வையுங்கள். பிறகு பதிவை நீக்குங்கள். விளக்கக் கடிதத்தில், இன்ன தேதியில் நீக்கிவிட்டேன், விசாரணைக்குத் தேவைப்பட்டால் நகல் என்னிடம் இருக்கிறது என்று எழுதுங்கள். அந்த நகலை வேறு யாருக்கும் அனுப்பக் கூடாது. ‘நீயே பார்த்துச் சொல்லு’ என்று தோழிக்கு அனுப்புவதும் சேர்த்துத்தான்.

இனி, முகம் இல்லை, பெயர் இல்லை என்ற வாதம். என்னிடம் வரும் நர்சுகள் எல்லோரும் இதைத்தான் முதலில் சொல்கிறார்கள். அடையாளம் என்பதை முகம், பெயர் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறோம். அமெரிக்காவின் 1996-ஆம் ஆண்டுச் சட்டமான ஹிப்பாவின் கீழ் வந்த, நோயாளியின் மருத்துவத் தகவலைப் பாதுகாக்கும் விதிகள், ஒரு தகவலை அடையாளம் நீக்கியதாகக் கொள்ள 18 வகை விவரங்களை எடுத்துவிடச் சொல்கின்றன. பெயரும் முழு முகப் படமும் அதில் இரண்டே இரண்டு. அட்மிட் ஆன தேதி, டிஸ்சார்ஜ் தேதி, கேஸ் ஷீட் எண், உடலில் பொருத்திய கருவியின் சீரியல் நம்பர், 89-க்கு மேற்பட்ட வயது என்று பட்டியல் நீள்கிறது. உங்களை அந்தச் சட்டம் கட்டுப்படுத்துகிறதா என்பது வேறு விஷயம். அடையாளம் எப்படியெல்லாம் வெளியே கசியும் என்று புரிந்துகொள்ள அந்தப் பட்டியல் போதும். அமெரிக்க மாநில நர்சிங் வாரியங்களின் தேசியக் கவுன்சில் 2011-இல் வெளியிட்ட வழிகாட்டியில், நர்சுகளிடம் இருக்கும் தவறான நம்பிக்கைகளைச் சொல்லும்போது இதையே குறிப்பிட்டது: பெயருக்குப் பதில் பட்டப்பெயர், அறை எண், நோயின் பெயர் சொன்னால் பரவாயில்லை என்ற நினைப்பு. நண்பர்களுக்கு மட்டும் என்று வைத்தால் வெளியே போகாது, அழித்துவிட்டால் போய்விடும் என்ற நம்பிக்கைகளும் அதே பட்டியலில் இருக்கின்றன. உங்கள் விஷயத்தில் இரண்டும் பொய்த்துவிட்டது.

விளக்கம் எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அந்த வீடியோவை இரண்டு முறை பாருங்கள். முதல் முறை சத்தத்தை அணைத்துவிட்டு, உங்கள் முகத்தைப் பார்க்காமல் பின்னால் இருப்பதை மட்டும், நிறுத்தி நிறுத்தி. நர்சிங் ஸ்டேஷன் என்றால் பின்னால் ஒரு வெள்ளைப் பலகை இருக்கும். அதில் பெட் நம்பர், அதற்கு நேராக நோயாளியின் பெயரோ இனிஷியலோ, பக்கத்தில் வெறும் வயிறு, ஆபரேஷன் நேரம் என்று மார்க்கரில் எழுதியிருக்கும். நீங்கள் தலையைத் திருப்பும் அரை நொடியில் அது தெரிந்தால் போதும், நிறுத்திப் பெரிதாக்கிப் படித்துவிடலாம். மேசையில் திறந்து கிடக்கும் கேஸ் ஷீட், கம்ப்யூட்டர் திரை, கண்ணாடிக் கதவில் தெரியும் பிம்பம், டிரேயில் ஒட்டிய லேபிள் எல்லாவற்றையும் பாருங்கள். இரண்டாவது முறை திரையைப் பார்க்காமல் சத்தத்தை மட்டும் கேளுங்கள். பின்னால் யாராவது ஒரு நோயாளியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? போனில் லேப் ரிசல்ட் படிக்கிறார்களா? எது இருந்தாலும் நேரம் போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். விசாரணை நடத்துகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்திருப்பார்கள். உங்களுக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

படத்தில் எதுவுமே இல்லாவிட்டாலும் பேச்சில் இருக்கலாம். ‘நேற்று ராத்திரி அந்த இரட்டைக் குழந்தை கேஸ்’ என்று ஒரு வரி சொல்லியிருந்தால், ஊரில் மற்றவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம், அந்தக் குடும்பத்துக்குத் தெரியும். புகார் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. இறந்துபோனவரைப் பற்றி உருக்கமாக எழுதுகிறவர்களும் இதை யோசிப்பதில்லை. ஹிப்பா விதிகளில் ஒருவரின் மருத்துவத் தகவலுக்கு இறந்த பிறகும் 50 ஆண்டு பாதுகாப்பு உண்டு. நோயாளியே சம்மதித்தார் என்ற வாதத்தையும் எடுக்காதீர்கள். கட்டிலில் படுத்திருப்பவர், தனக்கு ஊசி போட வேண்டிய நர்சிடம் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். விசாரணையில் அது எடுபடாது.

நோயாளியின் விவரம் துளியும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் யூனிபார்ம் இருக்கிறது. அட்லாண்டாவில் 2022 டிசம்பரில் பிரசவப் பிரிவு நர்சுகள் சிலர், நோயாளிகளும் உடன் வருபவர்களும் தங்களுக்கு எரிச்சலூட்டும் விதங்களை வரிசையாகச் சொல்லி டிக்டாக்கில் ஒரு வீடியோ போட்டார்கள். யாருடைய பெயரும் அதில் இல்லை. வேலை போனது. நோயாளியையும் குடும்பத்தையும் முன்வைத்துக் கவனிக்கும் எங்கள் வழக்கத்துக்கு இது பொருந்தாது என்றுதான் நிர்வாகம் சொன்னது. உங்கள் வீடியோவில் கோபம் நிர்வாகத்தின் மேல் என்றால் நிலைமை அவ்வளவு மோசமில்லை. நோயாளிகளைக் கிண்டல் செய்யும் ஒரு சொல் இருந்தாலும் கதை மாறும்.

நர்சிங் கவுன்சில் பதிவுக்கு ஆபத்தா என்று கேட்டீர்கள். மருத்துவமனை நடத்தும் விசாரணை வேறு, நர்சிங் கவுன்சில் நடத்துவது வேறு. மெமோ வந்தால் பதிவு போய்விடும் என்று அர்த்தம் இல்லை. ஆனால் மருத்துவமனையோ நோயாளியின் குடும்பமோ கவுன்சிலுக்கு எழுதினால் இரண்டாவது விசாரணை தனியாக ஆரம்பிக்கும். இங்கே நீங்கள் கொடுக்கும் விளக்கக் கடிதம் அங்கேயும் போகும். அதனால்தான் இந்தக் கடிதத்தில் அவசரம் கூடாது என்கிறேன்.

எனக்கு எரிச்சல் வருவது இந்த இடத்தில்தான். நீங்கள் சொன்ன விஷயம் நியாயமானது. கலிபோர்னியாவில் ஒரு நர்சுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று 2004 முதல் சட்டப்படி நடைமுறையில் இருக்கிறது; தீவிர சிகிச்சைப் பிரிவில் இரண்டு பேர், சாதாரண மருத்துவ, அறுவை சிகிச்சை வார்டில் ஐந்து பேர். 24 பேரை ஒருத்தியிடம் விட்டவருக்கு யார் மெமோ கொடுத்தார்கள்? டியூட்டி மாறும்போது நோயாளிகளின் விவரத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் ஹேண்டோவரையே வாட்ஸ்அப் குரூப்பில் நடத்தி, எக்ஸ்ரே போட்டோவைப் பெட் நம்பரோடு அதில் போடச் சொல்வதும் பல இடங்களில் நிர்வாகம்தான். அந்தப் படம் குரூப்பில் இருக்கும் ஒவ்வொருவர் கேலரியிலும் தானாகப் போய் உட்காரும், அங்கிருந்து கிளவுடுக்கும் போகும். அதற்கு விசாரணை கிடையாது. நர்சுகள் தினத்துக்கு வார்டிலேயே ஆடச் சொல்லி வீடியோ எடுத்து நிர்வாகப் பக்கத்தில் போடுவார்கள், அதுவும் சரி. நர்ஸ் வாயைத் திறந்தால் மட்டும் கொள்கைப் புத்தகம் வெளியே வரும். பல இடங்களில் அந்தப் புத்தகத்தை நர்சுகள் பார்ப்பதே மெமோ வாங்கிய அன்றைக்குத்தான்.

ஆனாலும் அந்த நியாயத்தை ரீல்ஸில் சொன்னால் அது உங்களுக்கு எதிரான ஆதாரமாகிறது. அதையே அந்த இரவில், ‘இத்தனை நோயாளிகள், நான் ஒருத்தி, கூடுதல் ஆள் வேண்டும்’ என்று பொறுப்பு சூப்பர்வைசருக்கு எழுத்தில் கொடுத்து நகல் வைத்திருந்தால், நாளைக்கு அங்கே ஏதாவது விபரீதம் நடக்கும்போது உங்களைக் காப்பாற்றும் காகிதம் அதுதான். நோயாளிகளின் பெயர் அதில் வேண்டாம், எண்ணிக்கை போதும்.

ஒரு விதிவிலக்கைச் சொல்ல வேண்டும். இதைக் கேள்விப்பட்டவர்கள் ‘அந்த நர்ஸ் ஜெயித்தாரே’ என்று என்னிடம் வந்து நிற்பதால் விரிவாகவே சொல்கிறேன். கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில் ஒரு நர்ஸ், பேறுகால விடுப்பில் இருந்தவர். அவருடைய தாத்தா ஒரு பராமரிப்பு நிலையத்தில் இறந்துபோனார். கடைசி நாட்களில் தாத்தாவைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று 2015-இல் ஃபேஸ்புக்கில் எழுதினார். தான் ஒரு நர்ஸ் என்பதையும் குறிப்பிட்டார். ட்விட்டரில் அதை மாகாணச் சுகாதார அமைச்சருக்கும் எதிர்க்கட்சித் தலைவருக்கும் அனுப்பினார். அங்கே வேலை பார்த்தவர்கள் புகார் கொடுத்தார்கள். நர்சுகளைப் பதிவு செய்யும் மாகாண அமைப்பின் ஒழுங்குக் குழு 2016-இல் அவரைக் குற்றவாளி என்றது. அபராதம் 1,000 டாலர், விசாரணைச் செலவுக்கு என்று 25,000 டாலர். 2018-இல் நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. 2020 அக்டோபரில்தான் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்தது. துக்கத்தில் இருக்கும் பேத்தியாகப் பேசியிருக்கிறார், நர்சுகள் குறை சொல்வதால் மருத்துவத் துறைக்கு நன்மையும் வரலாம் என்றது.

சரி, இது உங்களுக்குப் பொருந்துமா? அவர் டியூட்டியில் இல்லை. பேசியது சொந்தத் தாத்தாவைப் பற்றி, தன் வார்டு நோயாளியைப் பற்றி அல்ல. குறை சொன்னது தான் வேலை பார்க்காத இடத்தை. யூனிபார்மும் இல்லை, நர்சிங் ஸ்டேஷனும் இல்லை. இத்தனை சாதகம் இருந்தும் ஐந்து ஆண்டுக்கு மேல் அலைந்தார். உங்கள் அம்மாவை வேறொரு மருத்துவமனையில் சேர்த்து அங்கே கவனிப்பு சரியில்லை என்றால், குடும்பத்தாராக எழுதும்போது இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்ளலாம், அதுவும் இது கனடா நாட்டுத் தீர்ப்பு என்பதை மறக்காமல். டியூட்டி நேரத்து ரீல்ஸுக்கு இதை மேற்கோள் காட்டினால் எதிர்த்தரப்பு சந்தோஷப்படும்.

இனி கடிதம். எந்த விதியை மீறியதாகச் சொல்கிறார்கள் என்று மெமோவில் இல்லாவிட்டால் அதை எழுத்தில் கேளுங்கள். கூடவே அந்தக் கொள்கையின் நகலையும், பதில் எழுத இன்னும் ஒரு வார அவகாசத்தையும் கேளுங்கள். பெரும்பாலும் கொடுத்துவிடுவார்கள். கொடுக்காவிட்டாலும் கேட்டது பதிவில் இருக்கும். கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். எப்போது பதிவிட்டீர்கள், எப்போது நீக்கினீர்கள், ஆள் பற்றாக்குறையைச் சொல்வதுதான் நோக்கம், இனி அதை அலுவலக வழியில் எழுப்புவேன் என்பது போதும். ‘எந்த அந்தரங்கத்தையும் மீறவில்லை’ என்று அடித்து எழுதாதீர்கள். அந்த வெள்ளைப் பலகையைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். யார் ரெக்கார்ட் செய்தது என்ற ஆராய்ச்சி கடிதத்துக்குள் வரக் கூடாது, வெளியிலும் வேண்டாம். டைப் செய்த மன்னிப்புக் கடிதத்தை நீட்டி, கையெழுத்துப் போடு, முடித்துவிடலாம் என்பார்கள். போடாதீர்கள். அதில் நீங்கள் செய்யாததும் இருக்கும். சங்கத்தில் உறுப்பினர் என்றால் கடிதத்தை முதலில் சங்கத்துக்குக் காட்டுங்கள், இல்லாவிட்டால் பணி வழக்குகள் பார்க்கும் ஒரு வக்கீலுக்கு. அந்தப் பக்கத்துக்காரருக்குக் கொடுக்க நினைத்த பணம் அந்த ஃபீஸுக்கு ஆகும். பாஸ்வேர்டை ஏற்கெனவே அவரிடம் சொல்லியிருந்தால் இதைப் படித்து முடித்ததும் மாற்றிவிடுங்கள்.