படிவம் ஒன்றுக்குப் போன பிள்ளை தானாகப் படிக்க என்ன செய்யலாம்?

மலேசியாவின் பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார்: "தமிழ்ப்பள்ளி முடித்து மகன் இந்த ஆண்டு இடைநிலைப்பள்ளியில் படிவம் ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் படிக்கிறான். நான் எழுந்தால் அவனும் எழுந்துவிடுகிறான். எப்படிப் பழக்குவது?"

தயவுசெய்து சோம்பேறி என்று முடிவு கட்டாதீர்கள். ஆறு ஆண்டுகள் கணிதத்தையும் அறிவியலையும் தமிழில் படித்தவன், ஒரு பள்ளி விடுமுறை முடிந்ததும் அவற்றை மலாயில் படிக்கிறான். டிஎல்பி எனும் இருமொழித் திட்ட வகுப்பென்றால் ஆங்கிலத்தில். பின்னம், பரப்பளவு, விழுக்காடு எல்லாம் அவனுக்குத் தெரியும். கேள்வியில் 'பெச்சாஹான்', 'லுவாஸ்', 'பெராத்துஸ்' என்று வந்தால் கை நின்றுவிடுகிறது. நீங்கள் பக்கத்தில் இருந்தால் கேட்பான், இல்லாவிட்டால் புத்தகத்தை மூடுவான். அதனால் கால அட்டவணைக்கு முன்னால் அவனுக்குத் தேவை ஒரு சொல் நோட்டு.

ஒவ்வொரு பக்கத்தையும் கோடு போட்டு மேலிருந்து கீழாக மூன்றாகப் பிரியுங்கள்: மலாய்ச் சொல், தமிழ்ப்பள்ளியில் கற்ற சொல், அவனே எழுதிய ஓர் எடுத்துக்காட்டு. நாளுக்கு ஐந்து சொல் போதும். முதல் பக்கத்தைக் கேள்விகளின் கட்டளைச் சொற்களுக்கு ஒதுக்குங்கள். 'ஞாதாகான்' என்றால் விடையை மட்டும் குறிப்பிட்டால் போதும். 'தெராங்கான்' என்றால் ஏன், எப்படி என்று விளக்க வேண்டும். 'பண்டிங்கான்' என்றால் ஒற்றுமை, வேற்றுமை இரண்டும் வேண்டும். பாடம் தெரிந்தும் புள்ளி குறைவது பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது பாடநூலை வாசிக்கும் முறை. ஒரு தடவைக்கு இரண்டு பக்கம், 25 நிமிடம். முதலில் தலைப்புகளையும் படங்களின் கீழுள்ள வரிகளையும் பார்க்கட்டும். பிறகு வாசிக்கும்போது, எந்தச் சொல் தெரியாததால் வாக்கியமே புரியவில்லையோ அதை மட்டும் கோடிட்டு, மலாய் மொழிக்கான அரசு நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதியில் தேடட்டும். பக்கத்துக்கு ஏழு சொல்லுக்கு மேல் வேண்டாம். எல்லாச் சொல்லையும் தேடப் போனால் ஒரு பக்கத்துக்கே ஒரு மணி நேரம் போய், மறுநாள் புத்தகத்தைத் தொடவே மனம் வராது.

வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை வெற்றுத் தாளில் எழுதவோ வரையவோ வேண்டும். பிறகு திறந்து, தவறியதைச் சிவப்புப் பேனாவில் தானே திருத்த வேண்டும். அறிவியலில் செல் பாடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தாவரச் செல், விலங்குச் செல் இரண்டையும் பார்க்காமல் வரையச் சொன்னால், பல பிள்ளைகள் விலங்குச் செல்லுக்கும் செல்சுவரைப் போட்டுவிடுவார்கள். பசுங்கணிகத்தைத் தாவரச் செல்லில் மறந்துவிடுவார்கள். புத்தகத்தைப் பார்த்து அழகாக வரைந்திருந்தால் இந்தத் தவறு வெளியே தெரிந்திருக்காது. கலர் பேனாவில் எழுதிய நேர்த்தியான குறிப்புகளை நம்பாதீர்கள் என்று சொல்வது இதனால்தான். அங்கே கை மட்டுமே வேலை செய்திருக்கும். அதே தாளை மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்காமல் எழுதிப் பார்க்கட்டும்.

இனி உங்கள் பங்கு. ஒரே நாளில் கையை விட்டால் விழுவான், படிப்படியாக விடுங்கள். முதல் இரண்டு வாரம் நேரத்தையும் பாடத்தையும் நீங்களே சொல்லிப் பக்கத்தில் இருங்கள். ஆனால் உங்கள் வேலையைப் பாருங்கள், அவன் புத்தகத்தைப் பார்க்காதீர்கள். அடுத்த இரண்டு வாரம் எந்தப் பாடம் முதலில் என்பதை அவன் முடிவு செய்யட்டும். ஐந்தாவது வாரத்திலிருந்து ஞாயிறு மாலை அவனே வாரத் திட்டம் எழுதட்டும். நீங்கள் இரவில் சிவப்புப் பேனாத் தாளை மட்டும் கேளுங்கள்.

"படிச்சிட்டேன்மா" என்றால் "சரி தம்பி, இன்னிக்கு எதைத் தப்பா எழுதின? காட்டு" என்று கேளுங்கள். தவறே இல்லாத தாள் வந்தால், பெரும்பாலும் அது பார்த்து எழுதியதாக இருக்கும். திட்டாமல் இன்னொரு தாளைக் கொடுங்கள். ஒரு சோதனையில் புள்ளி சரிந்தால் ஒரு படி மட்டும் பின்னால் போங்கள். பல வீடுகளில் அந்த இடத்தில் பயந்துபோய் எல்லாவற்றையும் பெற்றோர் திரும்ப எடுத்துக்கொள்கிறார்கள். பட்ட பாடு வீணாகிறது.

ஆறாம் ஆண்டுத் தேர்வான யூபிஎஸ்ஆர் 2021லும், படிவம் மூன்றின் தேர்வான பிடி3 2022லும் நிறுத்தப்பட்டன. வகுப்பறை மதிப்பீட்டில் 1 முதல் 6 வரையிலான அடைவுநிலையைப் பார்த்து "நான்கு வந்திருக்கிறது, பரவாயில்லை" என்று இருந்துவிடுவது எளிது. ஆனால் படிவம் ஐந்தின் அரசுத் தேர்வான எஸ்பிஎம் சான்றிதழ் கிடைக்க மலாய் மொழியிலும் வரலாற்றிலும் கட்டாயம் தேற வேண்டும். அதனால் தனி வாசிப்பை வரலாற்றில் தொடங்கச் சொல்வேன். வாக்கியங்கள் நீளமானவை, இரண்டு பாடத்துக்கும் சேர்த்துப் பயிற்சியாகும்.

டியூசனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். வாரத்தில் ஐந்து மாலையும் டியூசன் என்றால் தானாகப் படிக்க நேரம் எங்கே? மூன்று மாலையாவது வெறுமையாக இருக்கட்டும். மதியப் பள்ளி என்றால் காலை ஒன்பது மணி நல்ல நேரம். வீட்டுப்பாடம் புலன (வாட்ஸ்அப்) குழுவில் வந்தால், பத்து நிமிடத்தில் அதைத் தாளில் எழுதிக்கொண்டு கைப்பேசியை வரவேற்பறையில் வைத்துவிட வேண்டும்.

வீட்டில் தம்பி தங்கை சத்தம் என்றால், உங்களுக்குப் பக்கத்தில் செபெராங் ஜெயாவில் பினாங்கு பொது நூலகம் இருக்கிறது. சனிக்கிழமை காலையில் கொண்டுபோய் விடுங்கள். நீங்கள் வேறு மேசையில் உட்காருங்கள்.