விசா முடிந்தவருக்கு வேலையிடத்தில் தீக்காயம்: இழப்பீடு கேட்கலாமா?

கேள்வி: சுற்றுலா விசாவில் கலிஃபோர்னியாவுக்கு வந்தவன் நான். விசா முடிந்த பிறகும் ஓர் உணவகச் சமையலறையில் ரொக்கச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு நாள்களுக்கு முன், பொரிக்கும் எண்ணெய் கொட்டி வலது முன்கை வெந்துவிட்டது. முதலாளி களிம்பும் 300 டாலரும் கொடுத்து, "ஆஸ்பத்திரிக்குப் போனால் இமிகிரேஷன்காரர்கள் வந்துவிடுவார்கள்" என்கிறார். வீட்டில் பட்ட காயம் என்று எழுதிய தாளில் கையெழுத்தும் கேட்கிறார். எனக்கு ஏதேனும் உரிமை உண்டா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: உண்டு. அந்தத் தாளில் கையெழுத்திடாதீர்கள். கையை உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். இதழ் அச்சாகும்வரை பொறுக்கக்கூடிய விஷயம் இல்லை என்பதால், இவ்வளவை உங்களுக்கு முன்பே மின்னஞ்சலில் எழுதிவிட்டேன். காரணங்களை இங்கே விளக்குகிறேன்.

வேலையில் பட்ட காயத்துக்காக 'வொர்க்கர்ஸ் காம்ப்' என்று நாம் சொல்லும் இழப்பீடு, தனியார் வேலைகளைப் பொறுத்தவரை பெரும்பாலும் மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டது. விசா விவகாரம் மத்திய அரசைச் சேர்ந்தது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பித்தான் உங்கள் முதலாளி பயமுறுத்துகிறார். கலிஃபோர்னியத் தொழிலாளர் சட்டத்தின் 3351ஆம் பிரிவு, சட்டப்படி அமர்த்தப்பட்டவரும் சட்டத்துக்குப் புறம்பாக அமர்த்தப்பட்டவரும் ஊழியரே என்கிறது. 2002இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், ஹாஃப்மன் பிளாஸ்டிக் வழக்கில், சட்டவிரோதமாக வேலைநீக்கம் செய்யப்பட்ட ஆவணமில்லாத தொழிலாளி ஒருவருக்கு, நீக்கத்துக்குப் பிந்தைய காலத்துக்கான சம்பளம் வழங்க மறுத்தது. அதே ஆண்டில் கலிஃபோர்னியச் சட்டமன்றம் 1171.5 என்ற பிரிவை இயற்றி, மத்தியச் சட்டம் தடுக்கும் மறுபணியமர்த்தல் (நீக்கப்பட்டவரை மீண்டும் வேலைக்கு எடுப்பது) ஒன்றைத் தவிர, மாநிலம் தரும் பாதுகாப்புகள் அனைத்தும் குடியேற்ற நிலையைப் பாராமல் எல்லாத் தொழிலாளருக்கும் பொருந்தும் என்று உறுதி செய்தது.

மருத்துவரிடம் என்ன சொல்கிறீர்கள் என்பதில்தான் பலருடைய வழக்கு கெட்டுப்போகிறது. எதற்கு வம்பு என்று 'வீட்டில் பட்டது' என்று சொல்லிவிட்டால், அது மருத்துவக் குறிப்பில் ஏறிவிடும். பிறகு நீங்கள் உண்மையைச் சொன்னாலும் முதலாளியின் காப்பீட்டு நிறுவனம் அந்த வரியைத்தான் எடுத்துக் காட்டும். வேலையில் பட்ட காயம் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்.

அடுத்தது, 30 நாள்களுக்குள் முதலாளிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அதில் பன்னிரண்டு போய்விட்டன. "இன்ன தேதி இரவு, சமையலறையில் எண்ணெய் கொட்டி என் வலது கை வெந்தது; கிளெய்ம் படிவம் தாருங்கள்" என்று கடிதமாக எழுதிக் கொடுத்து, அதையே கைபேசியிலும் அனுப்பிவையுங்கள்; தேதி பதிவாகிவிடும். டி.டபிள்யூ.சி. 1 என்ற அந்தப் படிவத்தை ஒரு வேலைநாளுக்குள் அவர் தர வேண்டும். தராவிட்டால் மாநிலத் தொழிலாளர் இழப்பீட்டுத் துறையின் இணையதளத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். நிரப்பிக் கொடுத்துவிட்டால், கோரிக்கை பரிசீலனையில் இருக்கும்போதே 10,000 டாலர் வரையிலான சிகிச்சைக்கு முதலாளி தரப்பு அனுமதி தந்தாக வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்துக்குப் பொதுவாக வாரச் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். கையில் நிரந்தரக் குறை ஏற்பட்டால் அதற்கான தொகை தனி. ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள்: சமூகப் பாதுகாப்பு எண் இல்லையென்றால் அந்தக் கட்டத்தை வெற்றாக விடுங்கள், யாருடைய எண்ணையும் இரவல் வாங்கி எழுதாதீர்கள்.

ரொக்கச் சம்பளம் என்பதால் நீங்கள் அங்கே வேலை பார்க்கவே இல்லை என்று அவர் சாதிக்கக்கூடும். "நாளை பத்து மணிக்கு வா" என்ற வாட்ஸ்அப் செய்தி, சீருடையில் எடுத்த படம், கூட வேலை செய்தவரின் வாக்குமூலம் எல்லாமே சான்றுதான். அந்த 300 டாலரோடு கணக்கு முடிந்தது என்று அவர் சொல்ல முடியாது, ஏனெனில் இழப்பீட்டு நீதிபதி ஒப்புதல் தராத சமரசம் இங்கே செல்லாது. 'வீட்டில் பட்ட காயம்' என்ற தாள் அப்படியல்ல. அது உங்களுக்கு எதிரான சாட்சியமாகிவிடும்.

இமிகிரேஷன் பயத்தைப் பொய் என்று நான் தள்ளிவிட மாட்டேன். மத்திய அரசு நடவடிக்கை எதுவும் எடுக்காது என்பதற்கு இந்தச் சட்டங்கள் உத்தரவாதம் அல்ல. ஆனால் உரிமையைக் கேட்டதற்காகக் காட்டிக்கொடுப்பேன் என்று முதலாளி மிரட்டுவதே கலிஃபோர்னியாவில் சட்டவிரோதப் பழிவாங்கல். மிரட்டிய தேதியையும் சொன்ன வார்த்தைகளையும் குறித்து வையுங்கள். குடியேற்ற வழக்கறிஞர் ஒருவரையும் தனியாகப் பாருங்கள். முதலாளியிடம் காப்பீடே இல்லையென்றாலும், அத்தகையோரின் ஊழியர்களுக்காக மாநிலம் ஒரு நிதியம் வைத்திருக்கிறது. அதில் பணம் வரத் தாமதமாகும், அவ்வளவே.

வேறு மாநிலங்களிலுள்ள வாசகர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பென்சில்வேனியா, மிச்சிகன் நீதிமன்றங்கள் ஆவணமில்லாதவரின் சம்பள இழப்பீட்டை நிறுத்திவைக்க அனுமதித்திருக்கின்றன. உங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை. இழப்பீட்டுத் துறையின் தகவல் உதவி அலுவலர்கள் கட்டணமின்றி வழிகாட்டுவார்கள். வழக்கறிஞர் வைத்தாலும் முன்பணம் தேவையில்லை. கிடைக்கும் தொகையிலிருந்து நீதிபதி அனுமதிக்கும் பங்கையே அவர் எடுத்துக்கொள்வார்.