ரஷ்யப் பெயரடைகள்: பொருள் ஒன்று, மனசு ஒன்று (கேள்வி பதில்)

ரஷ்ய மொழி படிக்கிறவர்கள், அங்கே வசிக்கிறவர்கள், மொழிபெயர்க்கிறவர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ரஷ்யச் சொற்களை உச்சரிப்பை ஒட்டித் தமிழில் எழுதியிருக்கிறேன். வேற்றுமை, பால் விகுதிகள் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டேன். அவற்றுக்குப் பாடநூலே போதும். ஒரு பெயரடையைச் சொல்கிறவர் அந்தப் பொருளை எப்படிப் பார்க்கிறார் என்பதைப் பாடநூல்கள் அரைப் பக்கத்தில் முடித்துவிடுகின்றன. எனக்கு அதுதான் வருத்தம்.

கேள்வி: 'ஹரோஷி' என்றால் 'நல்ல'. அப்படியானால் 'ஹரோஷென்கி' என்பது 'கொஞ்சம் நல்ல' என்றுதானே வர வேண்டும்?

இல்லை. '-என்கி' என்ற விகுதி அளவைக் குறைப்பதைவிட, பேசுகிறவரின் மனசைக் காட்டத்தான் அதிகம் வருகிறது. 'நோவி' என்றால் புதியது. 'நோவென்கி' என்றால் புத்தம் புதுசு, பார்க்கவே ஆசையாக இருக்கிறது என்று அர்த்தம். 'ஸ்தாரி' என்றால் வயதான அல்லது பழைய. அதையே ஒரு பாட்டிக்கு 'ஸ்தாரென்கயா' என்று போட்டால் பாசமும் இரக்கமும் சேர்ந்துவிடும். 'ப்லஹோய்' மோசமானது. 'ப்லோஹன்கி' என்றாலும் தரம் குறைந்ததுதான், ஆனால் 'ஏதோ இருக்கிறதே' என்ற பரிவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

'ஹரோஷென்கி' தனி வழியில் போன சொல். குழந்தையையோ இளம்பெண்ணையோ அப்படிச் சொன்னால் முகலட்சணமாக இருக்கிறாள் என்று பொருள். குணம் நல்லதா என்பது அதில் வராது. கோபத்தில் 'ஹரோஷென்கயெ தியேல!' என்பார்கள். 'நல்லா இருக்கே நியாயம்!' என்று நாம் சொல்வோமே, அதேதான்.

கேள்வி: சார், நான் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறேன். வார்டில் சிலரை 'பல்னோய்' என்கிறார்கள், சிலரை 'போலென்' என்கிறார்கள். இரண்டும் 'நோயுற்ற' தானே?

உங்களுக்குத் தினமும் தேவைப்படும் விஷயம் அம்மா, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். குணத்தைச் சொல்லும் பல ரஷ்யப் பெயரடைகளுக்கு முழு வடிவம், குறு வடிவம் என்று இரண்டு உண்டு. 'பல்னோய்' முழு வடிவம், 'போலென்' குறு வடிவம். இன்றைய ரஷ்யத்தில் குறு வடிவம் பெரும்பாலும் பயனிலையாக மட்டுமே வரும். 'ஓன் போலென்' என்றால் அவருக்கு இப்போது உடம்பு சரியில்லை. 'ஓன் பல்னோய்' என்றால் அவர் சீக்காளி. 'பல்னோய்' பெயர்ச்சொல்லாகவும் நிற்கும், அப்போது 'நோயாளி' என்று பொருள். வார்டில் அதிகம் கேட்பது அதைத்தான். நண்பர்களுக்குள் 'தி ஷ்தோ, பல்னோய்?' என்று கேட்டால் 'உனக்கென்ன பைத்தியமா?' என்று அர்த்தம். நோயாளியிடம் வாய் தவறிக்கூட அந்தத் தொனி வரக்கூடாது.

எதிர்ச்சொல்லும் இப்படித்தான். 'ஸ்தரோவ்' என்ற குறு வடிவம் ஆரோக்கியமாக இருப்பதைச் சொல்கிறது. யாராவது தும்மினால் 'பூத்தியே ஸ்தரோவி' என்று வாழ்த்துவது அதன் பன்மைதான். முழு வடிவமான 'ஸ்தரோவி' பேச்சில் 'வாட்டசாட்டமான' என்றும் ஆகிவிடும். அதிலிருந்து வந்த 'ஸ்தரவென்னி'யில் ஆரோக்கியம் போய்ப் பிரம்மாண்டம் மட்டும் மிச்சம். ஒரு பாறையைக்கூட அப்படிச் சொல்லலாம்.

குறு வடிவம் என்றால் தற்காலிகம், முழு வடிவம் என்றால் நிரந்தரம் என்று வகுப்பில் சொல்லிக்கொடுப்பார்கள். பாதி உண்மை. கடையில் ஷூ போட்டுப் பார்க்கும்போது 'தூஃப்லி மலி' என்றால் அது என் காலுக்குப் பத்தவில்லை. 'தூஃப்லி மாலென்கியெ' என்றால் சின்ன ஷூ, அவ்வளவுதான். இங்கே காலம் பேச்சே இல்லை. யாருக்கு, எதற்கு என்பதுதான் கணக்கு. மனிதர்களைச் சொல்லும்போது இன்னும் கவனம் வேண்டும். 'ஓன் க்லூப்பி' என்றால் 'அவன் ஒரு முட்டாள் பையன்' என்ற சாதாரணப் பேச்சு. 'ஓன் க்லூப்' என்றால் தீர்ப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட மாதிரி. அதில் தற்காலிகம் எதுவும் இல்லை, குறு வடிவம்தான் அதிகம் சுடும்.

கேள்வி: வீட்டுக்காரம்மா பக்கத்து வீட்டுப் பையனை 'க்லுபவாதி' என்றார். திட்டினாரா, விட்டுக்கொடுத்தாரா?

விட்டுக்கொடுத்துத் திட்டியிருக்கிறார். '-அவாதி' விகுதி குணத்தைக் கொஞ்சம் நீர்க்க வைக்கும். நிறங்களோடு வந்தால் வெறும் அளவு: 'பெலவாதி' என்றால் வெளிறிய, வெண்மை கலந்த. குறைகளோடு வந்தால் நாகரிகம்: கொஞ்சம் மந்தம், கொஞ்சம் முரடு, கொஞ்சம் கனம். கவனித்துப் பாருங்கள், பாராட்டுச் சொற்களோடு இது சேருவதில்லை. 'ஊம்னி' (புத்திசாலி), 'க்ரஸீவி' (அழகான) இவற்றோடு இந்த விகுதியை யாரும் இயல்பாக ஒட்டுவதில்லை. குறையைத்தான் மெதுவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நேர் எதிர் விகுதி '-ஊஷி'. 'பல்ஷூஷி' என்றால் இம்மாம் பெரிய. 'ஸ்ல்யூஷி' என்றால் கோபத்தில் கொதிக்கிற ஆள். இரண்டும் பேச்சு வழக்குக்கு உரியவை, அலுவலகக் கடிதத்தில் வராது.

கேள்வி: எதற்கெடுத்தாலும் 'ஹரோஷி' போட்டுச் சமாளிக்கிறேன். தப்பா?

தப்பில்லை. ஆனால் அது தீர்ப்பை மட்டும் சொல்லும், காரணத்தைச் சொல்லாது. மொழியியலாளர் நீனா அருத்யூனவா இதைத்தான் பொது மதிப்பீடு, தனி மதிப்பீடு என்று பிரித்தார். 'ஹரோஷி' பொது மதிப்பீடு. சுவையான, புத்திசாலியான, உபயோகமான என்பவை தனி. பொது மதிப்பீட்டின் அளவுகோல் பெயர்ச்சொல்லோடு மாறும். நல்ல கத்தி என்றால் வெட்ட வேண்டும், நல்ல மருத்துவர் என்றால் குணப்படுத்த வேண்டும். சாப்பாட்டு மேசையில் 'ஃப்கூஸ்ன' (ருசியாக இருக்கிறது) என்று சொல்லுங்கள். சமைத்தவருக்கு அதுதான் வேண்டும்.

கேள்வி: மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத் தமிழ்ப் புத்தகங்களைப் படித்து வளர்ந்தவன் நான். செஞ்சதுக்கம் என்ற பெயர் புரட்சிக்குப் பிறகு வந்ததா?

இல்லை ஐயா. 17-ஆம் நூற்றாண்டிலேயே அந்தப் பெயர் வழக்கில் வந்துவிட்டது. சதுக்கத்தின் ரஷ்யப் பெயரில் இருப்பது 'க்ராஸ்னி' என்ற சொல். இன்று அதற்குச் சிவப்பு என்று பொருள், பழைய ரஷ்யத்தில் அழகான, சிறந்த. நிறம் பின்னால் வந்த பொருள். நாட்டுப்புறக் கதைகளில் வரும் 'க்ராஸ்னயா திவீத்ஸா' அழகிய கன்னி, சிவப்புக் கன்னி அல்ல. வீட்டில் திருவுருவப் படங்கள் வைக்கும் மூலைக்கு 'க்ராஸ்னி ஊகல்' என்று பெயர், மதிப்பான மூலை. இன்று அழகைச் சொல்ல 'க்ரஸீவி', மிகச் சிறப்பு என்பதற்கு 'ப்ரிக்ராஸ்னி'. மூன்றும் ஒரே வேர்.

கேள்வி: ஒரு வாரம் உழைத்துக் கொடுத்த அறிக்கையைப் பார்த்து மேலதிகாரி 'நிப்லோஹ' என்றார். 'மோசமில்லை' என்பது பாராட்டா?

பெரும்பாலும் பாராட்டுதான், நிம்மதியாக இருங்கள். 'நர்மால்ன' என்றாலும் 'நல்லபடியாக இருக்கிறது' என்றே எடுத்துக்கொள்ளலாம். ஒருவரை 'நர்மால்னி' ஆள் என்றால் நம்பிப் பழகலாம் என்ற நற்சான்று.

கேள்வி: 'ஹுதோய்' என்றால் ஒல்லி என்று படித்தேன். ஒரு பழமொழியில் வேறு மாதிரி வருகிறதே?

'ஹுதோய் மீர் லூச்ஷெ தோப்ரய் ஸ்ஸோரி' என்ற பழமொழியாக இருக்கும். நல்ல சண்டையைவிட மோசமான சமாதானம் மேல் என்று பொருள். 'ஹுதோய்' பழைய மொழியில் 'கெட்ட'. 'இன்னும் மோசம்' என்பதற்கு இன்றும் சொல்லும் 'ஹூஷெ' இதிலிருந்து வந்ததுதான். ஓட்டை விழுந்த பூட்ஸையும் இப்படிச் சொல்வதுண்டு.

கேள்வி: மொழிபெயர்க்கும்போது இந்த விகுதிகளை என்ன செய்வது? தமிழில் அப்படி ஒன்று இல்லையே.

விகுதி இல்லை, வழி இருக்கிறது. ஒரு வரியை எடுத்துக்கொள்வோம்: அவன் மேல் 'ஸ்தாரென்கயெ பல்தீஷ்க' இருந்தது. பெயரடையில் ஒரு விகுதி, கோட்டுக்கான 'பல்தோ'விலும் ஒரு விகுதி. ரஷ்யத்தில் இப்படி இரண்டும் சேர்ந்தே குழைவது சகஜம். 'பழைய சிறிய கோட்டு' என்று எழுதினால் அளவு தவறு, உணர்ச்சியும் போச்சு. 'நைந்துபோன ஒரு கோட்டைப் போட்டிருந்தான், பாவம்' என்று எழுதினால் அந்த இரக்கம் வந்துவிடுகிறது. நெகிழ்ச்சி பெயரடையில்தான் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. 'சின்னஞ்சிறு', 'குட்டியூண்டு' போன்றவை குழந்தைகள் பேச்சுக்கு உதவும். ரஷ்யர்கள் 'பேலி-பேலி' என்று இரட்டித்தால் நம் 'வெள்ளை வெளேர்' அப்படியே பொருந்தும்.

கேள்வி: நானும் இந்த விகுதிகளைத் தாராளமாகப் பயன்படுத்தலாமா?

குழந்தைகளிடம், நெருங்கியவர்களிடம் தாராளமாக. முன்பின் தெரியாத பெரியவரின் பொருளை '-என்கி' போட்டுச் சொன்னால் ஏளனமாகவும் கேட்கும். சந்தேகம் வந்தால் ஓழிகவ் என்ற ரஷ்ய-ரஷ்ய அகராதியைப் புரட்டுங்கள், முதல் பதிப்பு 1949-இல் வந்தது. பேச்சு வழக்கு, கேலி, இளக்காரம், கண்டனம் என்று சுருக்கக் குறிகள் அடைப்புக்குள் இருக்கும். பலர் அவற்றைத் தாண்டிப் பொருளுக்குப் போய்விடுகிறார்கள். முதலில் குறியைப் படியுங்கள், அப்புறம் பொருளைப் படியுங்கள்.