பீர் பொங்கி வழிந்தால்: வாசகர் கேள்விகள்

வீட்டில் பீர் தயாரிக்கிறேன். ஈஸ்ட் சேர்த்த மறுநாள் காலையில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத சிறு அடைப்பான்) முழுக்கப் பழுப்பு நுரை. வாளியின் மூடி உப்பி நிற்கிறது. பீர் கெட்டுவிட்டதா?

பீருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கவலைப்படுவது அந்த மூடியைப் பற்றித்தான். நடுத்தர வலிமையுள்ள பீர் 20 லிட்டர் நொதித்து முடிவதற்குள் ஏறத்தாழ 400 லிட்டர் கரியமில வாயு வெளியேறும். அதில் பெரும்பங்கு முதல் சில நாட்களிலேயே கிளம்பிவிடும். ஏர்லாக்கின் சிறு துளையை ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பு தரும் பூ) துணுக்குகளும் ஈஸ்ட் பிசினும் அடைத்துவிட்டால் மூடி பிய்த்துக்கொண்டு பறக்கும். என் சமையலறைக் கூரையில் பழுப்புத் திட்டு ஒன்று இன்றும் இருக்கிறது. காரணத்தை விருந்தினரிடம் சொல்வதில்லை. கண்ணாடிக் குடுவை இன்னும் மோசம். அது அழுத்தத்தைத் தாங்கச் செய்யப்பட்டதல்ல, வெடிக்கக்கூடும்.

இப்போதே ஒரு துண்டைப் போர்த்தி, முகத்தை விலக்கிக்கொண்டு, மூடியின் ஒரு விளிம்பை மெல்லத் தளர்த்துங்கள். சீறல் அடங்கியதும் ஏர்லாக்கை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அகலமான குழாய் ஒன்றைப் பொருத்துங்கள். மறுமுனை, கிருமிநீக்கி கலந்த நீருள்ள ஜாடிக்குள் ஓரிரு அங்குலம் மூழ்கியிருக்கட்டும். குழாயின் உள்விட்டம் 2 முதல் 2.5 செ.மீ. இருந்தால் நல்லது. மெல்லிய குழாயும் ஏர்லாக்கைப் போலவே அடைத்துக்கொள்ளும். நுரை தணிந்த பிறகு, கழுவிய ஏர்லாக்கைத் திரும்ப மாட்டலாம்.

ஜாடி நீர் பீருக்குள் ஏறிவிடாதா?

வாயு வெளியேறிக்கொண்டிருக்கும் வரை ஏறாது. நொதித்தல் ஓய்ந்தபின் கலனைக் குளிர வைத்தால் உள்ளேயிருக்கும் வாயு சுருங்கி நீரை இழுக்கும். ஆகவே குளிர்விப்பதற்கு முன் குழாயை ஜாடியிலிருந்து எடுத்துவிடுங்கள். ஜாடியில் வெறும் தண்ணீர் வேண்டாம் என்பதும் இதனால்தான்.

வழிந்த நுரையோடு ஈஸ்டும் போய்விட்டது. மறுபடி சேர்க்கவா?

வேண்டாம். அதற்குள் பீருக்குள் ஈஸ்ட் பன்மடங்கு பெருகியிருக்கும்.

நுரையடக்கும் சொட்டு மருந்து பயன்படுத்தலாமா?

சிமெதிகோன் சொட்டுகள் நன்றாகவே வேலை செய்யும். சீட்டில் சொன்ன அளவைத் தாண்டாதீர்கள். ஆனாலும் நான் முதலில் கேட்பது வேறு: ஈஸ்டை எந்த வெப்பநிலையில் சேர்த்தீர்கள்? பொறுமையின்றி 27 டிகிரியிலேயே சேர்த்திருந்தால் பொங்கியதில் வியப்பில்லை. நொதித்தலே வெப்பம் தரும் வேலை. அறையைவிடக் கலனுக்குள் சில டிகிரி கூடுதலாக இருக்கும். பெரும்பாலான ஏல் (மிதமான வெப்பத்தில் நொதிக்கும் பீர்) வகைகளுக்குப் பீரின் வெப்பம் 18 முதல் 20 டிகிரி செல்சியஸ் போதும். அறையின் சுவரில் தொங்கும் வெப்பமானியை நம்பாமல், கலனின் மேலேயே ஒன்றை ஒட்டிவையுங்கள். ஈரத்துணி சுற்றி மின்விசிறியைத் திருப்பிவிட்டாலே கொஞ்சம் தணியும்.

எவ்வளவு காலியிடம் விட வேண்டும்?

20 லிட்டருக்கு 25 லிட்டர் கலன் பொதுவாகப் போதும். கோதுமை பீருக்கும் மிக வலிமையான பீருக்கும் 30 லிட்டர் கலனை எடுங்கள். கோதுமையின் புரதம் நுரையை நெடுநேரம் தாங்கிப் பிடிக்கும். அதற்கான ஈஸ்ட் வகைகளும் மேலே ஏறிக் கூத்தாடுபவை. கலன் பெரிதாக இருந்தாலும் இவற்றுக்கு முதல் நாளிலிருந்தே அகலக் குழாயைத்தான் பொருத்துவேன்.

அலமாரிக்குள் வைக்கலாமா?

வைக்கலாம். கதவைச் சற்றுத் திறந்து விடுங்கள், அடியில் ஒரு பெரிய தட்டையும் வையுங்கள். காய்ந்துபோன நுரையை மரத்திலிருந்து சுரண்டி எடுப்பது அரை நாள் வேலை.