ஈறு இழுத்துக்கிச்சு – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்காவுக்கு,

குமுளியில ஏலக்கா, மிளகு கடை வச்சிருக்கேன். போன மாசம் பெங்களூர்ல இருக்குற மச்சான் வீட்டுக்குப் போனப்ப, அவரு என்னையும் வீட்டுக்காரியையும் நந்தி மலைப் பக்கம் ஒரு வைனரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஒரு குடும்பமே நடத்துறாங்க, அப்பா தோட்டத்தப் பாக்குறாரு, மக வைன் போடுறா. அஞ்சு ரெட் வைன் வரிசையா ஊத்திக் குடுத்தாங்க, போகப் போக ஸ்ட்ராங். கடைசி ரெண்டும் வாயில வச்ச உடனே நாக்கு ஒட்டிக்கிட்டு ஈறு இழுத்துக்கிச்சு. நான் பக்கத்து வீட்டு சேச்சி கிறிஸ்துமஸுக்குப் பரணி ஜாடியில போடுற வைனு குடிச்சுப் பழகுனவன். கொஞ்சம் சர்க்கரை போட்டுக்கலாமான்னு கேட்டுட்டேன். மச்சானோட ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சிரிச்சுட்டாங்க, உனக்கு டேஸ்ட் தெரியலன்னுட்டாங்க. என் நாக்குலதான் கோளாறாக்கா? கூச்சத்துல அந்தக் கடைசி வைனுலயே ஒரு பாட்டில் வாங்கிட்டேன், ஷிராஸ். மச்சான் வீட்டு ஃப்ரிட்ஜ் மேல கிடக்கு. அடுத்த மாசம் போறேன், அத என்ன செய்யட்டும்?

தம்பிக்கு,

சிரிச்சவங்க சிரிச்சுட்டுப் போகட்டும். "ஈறு இழுத்துக்கிச்சு"ன்னு எழுதிருக்கீங்க பாருங்க, அன்னிக்கு அந்த மேஜையில இருந்தவங்கள்ல வைன ஒழுங்கா ருசிச்சவரு நீங்கதான்னு அந்த ஒரு வார்த்தையிலயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

நீங்க சொல்றது துவர்ப்பு. திராட்சைத் தோல்லயும் கொட்டையிலயும் டானின்னு ஒண்ணு இருக்கு, அது எச்சில்ல இருக்குற புரோட்டீனப் போய்ப் புடிச்சுக்குது, எச்சிலோட வழவழப்பு போயிருது, அதான் நாக்கு சொரசொரன்னு ஒட்டுது. இதுக்கு நாம எங்கயும் போய்ப் படிக்க வேண்டியதில்ல, அறுசுவையில ஒண்ணா வச்சே வளத்திருக்காங்க நம்மள. நாவப்பழம் தின்னுட்டு நாக்க நீட்டிக் காட்டுன வயசுலயே நமக்கு இது தெரியும். நெல்லிக்கா, வாழைப்பூ, கொட்டப்பாக்கு எல்லாத்துலயும் இருக்கு. உங்க ஊர்க் கட்டன் சாயாவையே எடுத்துக்கங்க, தூள வடிகட்டாம அஞ்சு நிமிஷம் கூடுதலா விட்டுட்டா வாயெல்லாம் என்னா இழு இழுக்குது! அதே டிகாக்ஷன்ல பால ஊத்துனா அடங்கிருது, ஏன்னா பாலோட புரோட்டீன் அந்த டானினப் புடிச்சுக்குது, உங்க எச்சில விட்டுருது. இத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, பாட்டில் விஷயத்துக்கு வரும்போது வேணும்.

நான் கம்பத்துப் பக்கத்துக் கூடலூர்க்காரி, பன்னீர் திராட்சைப் பந்தலுக்குக் கீழ வளந்தவ. கல்லுக்கால் நட்டு கம்பி இழுத்து தலைக்கு மேல கொடி ஏத்துன பந்தல், கிளைய வெட்டிக் கவாத்து பண்ணி நாலு மாசத்துல கொத்து தொங்கும், ஒரு தோட்டம் முடிஞ்சா இன்னொரு தோட்டம்னு வருஷம் முழுக்க அறுப்பு இருக்கும். அதுக்கு வெளிநாட்டுப் பேரு மஸ்கட் ஹாம்பர்க், 2023ல கம்பம் பன்னீர் திராட்சைன்னே புவிசார் குறியீடும் கெடச்சிருச்சு, அன்னிக்கு எங்க தெருவுல எல்லார் மூஞ்சியிலயும் ஒரு பெருமை. உங்க சேச்சியோட பரணிக்குள்ள போறதும் அனேகமா குமுளி மலை ஏறி வர்ற எங்க ஊர்ப் பழம்தான். அது திங்கிறதுக்கான பழம், தோல் மெலிசு, சாறு ஜாஸ்தி. நீங்க போன இடத்துல போடுறது கேபர்னே சாவிஞான், ஷிராஸ் மாதிரி வைனுக்குன்னே உள்ள ரகம், பழம் சின்னது, அதுலயும் கேபர்னேக்குத் தோல் நல்ல தடிமன், கொட்டை பெருசு. கறுப்புத் திராட்சையில அனேகமா எல்லாத்துக்குமே சாறு வெள்ளையாத்தான் இருக்கும், நிறம் தோல்லதான். அதனால ரெட் வைன்னா தோல், கொட்டை எல்லாத்தையும் சாறோடவே போட்டு நொதிக்க விடணும், அப்ப நிறத்தோட சேந்து துவர்ப்பும் இறங்கும். பழம் சின்னதா இருந்தா சாறுக்குத் தோல் ஜாஸ்தி, அழுத்தம் ஜாஸ்தி. வைன்காரங்க போல்டு, அதாவது அழுத்தமான வைன்னு சொல்றதுல பெரும்பங்கு இதுதான்.

சேச்சி வைன் தேன் மாதிரி இருக்குறதுக்குக் காரணம் வேற. கிலோ பழத்துக்கு அரைக் கிலோவாவது சர்க்கரை போடுவாங்க, ஈஸ்ட்டு தின்ன வரைக்கும் தின்னும், மிச்சம் அப்படியே நின்னுரும். அங்க வெளிச்சர்க்கரையே கிடையாது, பழத்துல இருக்குறதையும் ஈஸ்ட்டு கிட்டத்தட்ட முழுசாத் தின்னு முடிச்சுரும், இனிப்பு இல்லாத அந்த வைனத்தான் ட்ரைன்னு சொல்றாங்க. மத்தபடி ரெண்டும் ஒரே வேலை. சேச்சி தெனமும் மரக்கரண்டிய விட்டு மேல மிதக்குற தோலக் கீழ அமுக்கிக் கலக்குவாங்கல்ல, அந்தப் பொண்ணும் அதையேதான் பெரிய தொட்டியில செஞ்சிருப்பா. பரணி வைன் குடிச்ச நாக்குன்னு நீங்க கூச்சப்பட ஒண்ணுமே இல்ல.

எனக்கும் இப்படி ஒரு அவமானம் நடந்திருக்கு. பல வருஷத்துக்கு முன்ன வேற ஒரு பெரிய இடத்துல, ஊத்திக் குடுத்த பையன் கையில ஒரு அட்டைய வச்சுக்கிட்டு இதுல ப்ளாக்பெர்ரி, ப்ளம், சிடார் மரம்லாம் மணக்கும்னு படிச்சான். எனக்கு வாயில நாவப்பழம்தான் தெரிஞ்சுச்சு, சொன்னேன். இல்ல மேடம், ப்ளாக்பெர்ரின்னு திருத்துனான். நான் ப்ளாக்பெர்ரிய அதுவரைக்கும் கண்ணால கூடப் பாத்ததில்ல, ஆனா தலைய ஆட்டிட்டு வந்துட்டேன், வண்டியில வர்ற வழியெல்லாம் அழுகையா வந்துச்சு. அந்தக் கோவம் ரொம்ப நாள் இருந்துச்சு எனக்கு.

அது தீந்தது ஒரு குடும்பத் தோட்டத்துலதான், அதுவும் நந்தி மலைப் பக்கம்தான். 1988ல க்ரோவர் குடும்பம் தொட்டபள்ளாபூர்ல ஃபிரெஞ்சுத் திராட்சை ரகங்கள வச்சு வைன் தோட்டம் ஆரம்பிச்ச பகுதி அது. நான் போனது பேர் தெரியாத சின்ன எடம், பிப்ரவரி மாசம், அங்கல்லாம் வருஷத்துக்கு ஒரே அறுப்பு, அறுப்புக்காலம் அது. தோட்டத்துக்காரப் பெரியவரு க்ளாஸ நீட்டல, மொதல்ல கொடிக்குக் கூட்டிட்டுப் போனாரு, ரெண்டு கொடியிலேந்து ஒவ்வொரு பழமாப் பறிச்சாரு. சதையத் துப்பிட்டுக் கொட்டைய மட்டும் கடிங்கம்மான்னாரு. மொத கொட்டை பச்சை, கடிச்ச உடனே கசந்து வாயெல்லாம் கட்டிக்கிச்சு. ரெண்டாவது நல்லாப் பழுப்பேறி இருந்துச்சு, நறுக்குன்னு ஒடஞ்சுச்சு, வறுத்த கடலைய மெல்லுற மாதிரி ஒரு ருசி, துவர்ப்பு இருக்கு ஆனா கடிக்கல. ரெண்டாவது மாதிரி ஆகுற வரைக்கும் அறுக்க மாட்டேன், அதுக்குள்ள மழை வந்துருமோன்னு தெனமும் வானத்தப் பாப்பேன்னாரு. அப்புறம்தான் பீப்பாய்க்குக் கூட்டிட்டுப் போயி, 225 லிட்டர் ஓக் பீப்பாயிலேந்து கொஞ்சமா எடுத்துக் குடுத்தாரு, அதே துவர்ப்பு இப்ப வெல்வெட் துணியத் தடவுன மாதிரி இருந்துச்சு, ஏன்னா பீப்பாய் வழியா மெதுவா காத்து போயிப் போயி டானின் மட்டுப்படும். நாவப்பழம் மாதிரி இருக்குய்யான்னு பயந்துகிட்டே சொன்னேன். அவரு கன்னடத்துல நேரளே நேரளேன்னு சிரிச்சாரு, அதுவும் நாவப்பழம்தானாம்! எனக்குக் கண்ணு கலங்கிருச்சு.

குமுளிக்காரரு நீங்க, மிளகு வியாபாரி வேற, உங்களுக்கு இருக்குற வசதி அந்த ஃப்ரெண்ட்ஸுக்கு இல்ல. ஷிராஸ்ல ஒரு மிளகு வாசம் வரும், சும்மா உவமைக்குச் சொல்றதில்ல, ரோட்டன்டோன்னு ஒரு பொருள், மிளகுல இருக்குற அதேதான் அந்தத் திராட்சைத் தோல்லயும் இருக்குன்னு 2008ல ஆஸ்திரேலியாவுல கண்டுபுடிச்சாங்க. அஞ்சுல ஒருத்தருக்கு அந்த வாசனை மூக்குக்கே எட்டாதாம். பீப்பாயிலேந்து லேசா கிராம்பு வாசனையும் வரலாம், ஓக் மரத்துலயும் கிராம்புலயும் யூஜினால்ங்கற அதே வாசனைப் பொருள் இருக்கு. ஆனா சில பேரு மர வாசனை தூக்கலா இருந்தாத்தான் போல்டுன்னு நெனச்சு பழத்தையே மூடிர்றாங்க, அது எனக்குப் புடிக்கல.

இப்ப பாட்டில். மொதல்ல மச்சானுக்கு ஒரு ஃபோனப் போட்டு ஃப்ரிட்ஜ் மேலேந்து எடுக்கச் சொல்லுங்க, அங்க சூடும் அதிர்வும் வைனக் கெடுத்துரும். இருட்டான அலமாரியில, தக்கை போட்ட பாட்டில்னா படுக்க வச்சு வைக்கட்டும். நீங்க போன அன்னிக்கு ஒண்ணு ஒன்றரை மணி நேரம் ஃப்ரிட்ஜுக்குள்ள வச்சு எடுங்க, 16லேந்து 18 டிகிரிதான் இதுக்குச் சரி, நம்ம ஊரு 30 டிகிரி ரூம்ல ஊத்துனா ஆல்கஹால்தான் மூக்குல ஏறும். சும்மா தொறந்து வச்சாப் பத்தாது, ஒரு ஜக்குல ஊத்திக் கொஞ்ச நேரம் காத்தாட விடுங்க. வெறும் வாயில குடிக்காதீங்க, மட்டன் சுக்கா நல்ல நெய்க்கறியாப் போட்டு, ஒரு துண்டு மென்னுட்டு ஒரு வாய் குடிங்க, காரத்த மட்டும் கொறைக்கச் சொல்லுங்க, காரமும் ஆல்கஹாலும் சேந்தா நாக்கு எரியும். பாலும் கட்டனும் சொன்னேன்ல, இப்ப பாலுக்குப் பதிலாக் கறி. பாதிய மூடி ஃப்ரிட்ஜுல வச்சு மறுநாள் குடிச்சுப் பாருங்க, இன்னும் இளகியிருக்கும். அப்படியும் புடிக்கலன்னா அந்தக் கறியிலயே ஊத்திக் கொதிக்க விட்டுருங்க, சேச்சி வைனுக்கே திரும்பிருங்க, அதுவும் நல்ல வைன்தான்.

அடுத்த தடவ வைனரி போனா டிரைவர் வச்சுக்கிட்டுப் போங்க, இந்த வைன்ல ஆல்கஹால் 14 சதம் வரைக்கும் போகும், பீரு மாதிரி இல்ல. துப்புறதுக்கு ஒரு பாத்திரம் வச்சிருப்பாங்க, தாராளமாத் துப்புங்க, மரியாதைக்குறைவு இல்ல.

குடிச்சுட்டு ஒரு வரி எழுதிப் போடுங்க தம்பி. மிளகு வாசம் வந்துச்சா இல்லையாங்கறத மட்டுமாவது.

அன்புடன்,
அக்கா