முனைவர் பட்டத்துக்கு முன்பே ஒரு கை

கேள்வி: அமெரிக்காவில் ஏழை மாணவர்களை பிஎச்.டி. வரை கொண்டுபோக 'மெக்நேர்' என்று ஒரு திட்டம் இருக்கிறதாமே? (வாசகி, தருமபுரி)

பதில்: ஆமாம், அரசுத் திட்டம்தான். ரொனால்ட் மெக்நேர் என்பவரின் பெயரில் நடக்கிறது. அவர் தெற்கு கரோலினாவின் சிற்றூரில் பிறந்து, 1976இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கி, விண்வெளிக்கும் போய்வந்த கறுப்பினத்தவர். 1986 சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்தார்.

குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்த ஏழைப் பிள்ளைகளும், கறுப்பினத்தவர், பூர்வகுடிகள் போல ஆய்வுப் படிப்பில் குறைவாக இருப்பவர்களும் இந்தத் திட்டத்தில் சேரலாம். மேற்படிப்புக்கு விண்ணப்பம் எழுதவும் உதவுகிறார்கள், சரி. ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது, இளநிலையிலேயே ஒரு பேராசிரியரோடு ஆய்வு செய்யவிடுவதுதான், ஏனென்றால் ஆய்வு என்றால் என்னவென்று சொல்ல அந்தப் பிள்ளைகளுக்கு வீட்டில் யாரும் இல்லை.