மாலை நேர இலவச வகுப்பு: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் இலவசமாகப் பாடம் சொல்லித்தருவது பற்றிக் கேள்விகள் கேட்டிருந்தீர்கள். பல வருடங்களாக இதைச் செய்துவருகிறேன், புதிதாக வருகிற தன்னார்வலர்களுக்கு வழிகாட்டியும் இருக்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி (கல்லூரி மாணவி): அக்கா, நான் ஆசிரியர் பயிற்சி பெற்றவள் இல்லை. எனக்கு இதற்குத் தகுதி இருக்கிறதா?

இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் நடந்த வாசிப்பு முகாம்களைப் பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் ஆய்வு செய்தார்கள். நடத்தியவர்கள் ஆசிரியர்கள் அல்ல, சில நாள் பயிற்சி மட்டும் பெற்ற ஊர் இளைஞர்கள். முகாமுக்கு வந்த பிள்ளைகளின் வாசிப்பு நன்றாகவே முன்னேறியது. வருத்தம் என்னவென்றால், வாசிக்கத் தெரியாத பிள்ளைகளில் பெரும்பாலோர் அங்கே வரவே இல்லை. அதனால் உங்கள் கவலையைக் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள். பாடம் நடத்தத் தெரியுமா என்பதைவிட, தேவையுள்ள பிள்ளையை வாரம் தவறாமல் வரவைக்க முடியுமா என்பதுதான் பெரிய கேள்வி. வீடு வீடாகப் போய்ப் பெற்றோரிடம் பேசுவதும் இந்த வேலையில் சேர்ந்ததுதான்.

கேள்வி (ஓய்வுபெற்ற பொறியாளர்): ஏழாம் வகுப்புப் பையனுக்கு ஏழாம் வகுப்புக் கணக்கை எத்தனை முறை விளக்கினாலும் ஏறவில்லை. என்னதான் செய்வது?

ஐயா, ஏழாம் வகுப்புப் புத்தகத்தைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். அவன் எந்த இடத்தில் நின்றுபோனான் என்று தேடுங்கள். எனக்குத் தெரிந்து நம் வேலையில் முக்கால்வாசி இந்தத் தேடல்தான்.

52-இலிருந்து 38-ஐக் கழிக்கச் சொல்லுங்கள். 26 என்று எழுதினால், கவனக்குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு இடத்திலும் சின்ன எண்ணைப் பெரிய எண்ணிலிருந்து கழித்திருக்கிறான்: 8-இலிருந்து 2 போனால் 6, 5-இலிருந்து 3 போனால் 2. அவனாக உண்டாக்கிக்கொண்ட விதி அது, அதை அவன் ஒழுங்காகவே பின்பற்றுகிறான். பிரௌன், பர்ட்டன் என்ற ஆய்வாளர்கள் இருவர் 1978-லேயே இப்படிப்பட்ட பிழைகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அதேபோல 1/2-உடன் 1/3-ஐக் கூட்டி 2/5 என்று எழுதும் பிள்ளை, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டுகிறது. 0.25 பெரிதா 0.7 பெரிதா என்று கேட்டால் 0.25 என்று சொல்லும் பிள்ளை, 25 ஏழைவிடப் பெரிது என்று நினைக்கிறது. இவர்களிடம் "தப்பு, மறுபடியும் போடு" என்று சொன்னால் அதே விதியை மறுபடியும் போடுவார்கள். "எப்படிப் போட்டாய், சொல்லேன்" என்று கேளுங்கள். விடை சரியாக இருக்கும்போதும் கேளுங்கள். இல்லாவிட்டால், இந்தக் கேள்வி வந்தாலே தப்பு என்று பிள்ளை புரிந்துகொள்ளும்.

வாசிப்புக்கும் இதே வழிதான். ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். நூறு சொற்களில் பத்துக்கு மேல் தடுமாறினால் அந்தப் பத்தி அவனுக்குக் கடினம், கீழே இறங்குங்கள். சரியான மட்டம் கிடைத்ததும் அதே பத்தியை மூன்று நான்கு முறை வாசிக்க விடுங்கள். நாலாவது முறை வேகம் கூடுவது அவனுக்கே தெரியும், முகத்திலும் தெரியும். ஒன்று மட்டும் பாருங்கள்: பெரிய பையன் கையில் சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தை மற்றவர்கள் எதிரில் கொடுக்காதீர்கள். பாடத்தைத் தனித்தாளில் எழுதிக் கொடுங்கள்.

கேள்வி: வருகிறவர்கள் எல்லோரும் வீட்டுப்பாடத்தோடுதான் வருகிறார்கள். கடைசியில் நானே விடை சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது.

வீட்டுப்பாடத்தை ஒதுக்க முடியாது. செய்யாமல் போனால் மறுநாள் பிள்ளைக்குத்தான் திட்டு விழும். ஆனால் நேரம் முழுவதையும் அதற்கே கொடுக்காதீர்கள். பாதி நேரம் வீட்டுப்பாடம், பாதி நேரம் அடிப்படை என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். உதவும்போது அதே மாதிரி வேறொரு கணக்கை நீங்கள் போட்டுக் காட்டுங்கள், நோட்டில் உள்ளதை அவர்கள் போடட்டும். பென்சில் எப்போதும் பிள்ளை கையில் இருக்க வேண்டும்.

கேள்வி: எது கேட்டாலும் பதிலே பேசாத ஒரு பெண் வருகிறாள். புரியவில்லையா, பயமா?

கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் 1970-களில் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் பொறுத்தார்கள். மூன்று விநாடியாக அதைக் கூட்டியதும் பதில்கள் நீண்டன, பேசாத பிள்ளைகளும் பேசத் தொடங்கினார்கள். மூன்று விநாடி அமைதி உங்களுக்கு ரொம்ப நீளமாகத் தோன்றும், பரவாயில்லை. சத்தமாகச் சொல்லத் தயங்கினால் சிலேட்டிலோ தாளிலோ எழுதிக் காட்டட்டும்.

கேள்வி: இன்று புரிகிறது என்கிறார்கள், அடுத்த வாரம் சுத்தமாக மறந்துவிடுகிறார்கள்.

எல்லோருக்கும் அப்படித்தான். எபிங்ஹௌஸ் என்ற ஜெர்மானிய உளவியலாளர் 1885-லேயே தன்மீது சோதனை செய்து, படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணிநேரங்களிலேயே கரைகிறது என்று காட்டினார். மருந்து, மறுபடி விளக்குவதில் இல்லை. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் இருவரும் மாணவர்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள்: பாடத்தைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, ஒருமுறை படித்துப் பிறகு பார்க்காமல் நினைவுகூர்ந்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. அதனால் ஒவ்வொரு மாலையும் முதல் ஐந்து நிமிடம் போன வாரத்துக் கேள்விகள் இரண்டு, போன மாதத்துக் கேள்வி ஒன்று. மதிப்பெண் வேண்டாம், அதட்டல் வேண்டாம்.

கேள்வி: ஒருவருக்கு ஒருவர்தான் நல்லதா? எனக்குப் பல வயதுப் பிள்ளைகள் ஒன்றாக வருகிறார்கள்.

அமெரிக்கக் கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1984-இல் எழுதிய கட்டுரையில், தனியாகச் சொல்லித்தரப்பட்ட சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் படித்தவர்களில் 98 சதவீதம் பேரை முந்தினார் என்று வருகிறது. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் உண்டு, ஆனால் அவ்வளவு பெரிதாக இல்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: புளூம் சொன்ன முறையில் ஒரு பகுதி தேறாமல் அடுத்ததற்குப் போவதில்லை. கூட்டத்திலும் அதை நீங்கள் செய்யலாம். வகுப்புப்படி பிரிக்காமல் மட்டப்படி பிரியுங்கள். ஒரு குழுவோடு உட்காரும்போது மற்ற குழு தானாகச் செய்யும் வேலை கையில் இருக்கட்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் உங்கள் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்கி, எங்கே நிற்கிறது என்று எழுதிவையுங்கள்.

கேள்வி: என் வீட்டில் நடத்தலாமா?

நடத்தலாம், ஆனால் பிள்ளையோடு நீங்கள் தனியாக இருக்கும்படி ஒருபோதும் அமைக்காதீர்கள். நான் யாருக்கும் விட்டுக்கொடுக்காத விஷயம் இது. கதவு திறந்திருக்க வேண்டும், இன்னொரு பெரியவர் கண்ணில் படும்படி இருக்க வேண்டும், பெற்றோர் எந்த நேரமும் உள்ளே வரலாம் என்று அவர்களிடமே சொல்லிவிட வேண்டும். நூலகம், பள்ளி வராந்தா, பொதுக்கூடம் கிடைத்தால் இன்னும் நல்லது. பிள்ளைகளோடு போனில் தனியாகச் செய்தி அனுப்பிப் பேசாதீர்கள், பெற்றோர் வழியாகவே பேசுங்கள். படம் எடுத்துப் போடுவதற்கும் அவர்கள் அனுமதி வேண்டும். யாரோ துன்புறுத்துகிறார்கள் என்று ஒரு பிள்ளை சொன்னால், "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். பொறுமையாகக் கேளுங்கள், துருவ வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உதவக்கூடியவர்களிடம் நான் சொல்வேன்" என்று சொல்லிவிட்டு, உங்கள் ஊரில் குழந்தைப் பாதுகாப்புக்குப் பொறுப்பானவர்களிடம் அன்றைக்கே தெரிவியுங்கள்.

கேள்வி: பெற்றோர் பணம் கொடுக்க வருகிறார்கள்.

வாங்காதீர்கள். ஒருவரிடம் வாங்கினால் கொடுக்க முடியாத வீட்டுப் பிள்ளை நின்றுவிடும். உதவ ஆசைப்பட்டால் வகுப்பு நேரத்தில் ஒரு நாள் வந்து கூட உட்காரட்டும்.

கேள்வி: வேலை கிடைத்து வேறு ஊருக்குப் போகிறேன். எப்படி நிறுத்துவது?

திடீரென்று நிறுத்தாதீர்கள். சொல்லாமல் வராமல் போன பெரியவர்கள் இந்தப் பிள்ளைகளில் பலருக்கு ஏற்கெனவே உண்டு. ஒரு மாதம் முன்னாலேயே தேதியைச் சொல்லுங்கள், ஏன் போகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். அடுத்து வருகிறவரை கடைசி இரண்டு வாரம் உங்களோடு உட்காரவைத்து, பிள்ளைகளின் பக்கங்களை அவரோடு ஒன்றொன்றாகப் பாருங்கள். ஆள் கிடைக்கவில்லை என்றால் ஒவ்வொரு பெற்றோரிடமும் அவர்கள் பிள்ளை எங்கே நிற்கிறது, அடுத்து எதைப் படிக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். மறுபடி வருவேன் என்று, வர முடியும் என்றால் மட்டும் சொல்லுங்கள்.